ரப்பர் பாயில் கவசமா? கத்தியை எடுக்கும் முன் படியுங்கள்

மாசி மகத்தன்று காரைக்கால் பக்கத்துத் திருவேட்டக்குடி சுவாமி வேடர் கோலத்தில் கடலாட எழுந்தருள்வதைப் பார்த்து வளர்பவர்கள் மண்டபத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். அர்ச்சுனனுக்குப் பாசுபதம் அளிக்க இறைவன் வேடனாக வந்தான் என்பது அந்தத் தலத்தின் வரலாறு. வேடம் கட்டுவது இந்தக் கரைக்குப் பழகிய காரியம்.

வேடத்துக்கான பொருள்தான் மாறியிருக்கிறது. வட தமிழகத்துக் கட்டைக்கூத்துக் கலைஞர்கள் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் மார்புப் பதக்கத்தையும் கனமில்லாத மரத்தில் செதுக்கி, வண்ணம் பூசி, கண்ணாடிச் சில்லு பதித்து அணிவார்கள். அந்தக் கட்டை அணிகலன்களால்தான் கூத்துக்கே அந்தப் பெயர் வந்தது. இன்று பள்ளி மாறுவேடப் போட்டிக்கு ஒரு ராஜராஜனோ கட்டபொம்மனோ வேண்டுமென்றால் பலரும் வாங்குவது, உடற்பயிற்சிக்கூடத் தரையில் பல் பல்லாகக் கோத்து விரிக்கும் ரப்பர் பாயை. திரைக் கதாநாயகர்களின் கவசத்தை அச்சு அசலாகச் செய்து அணியும் ‘காஸ்பிளே’ இளைஞர்களுக்கும் உலகெங்கும் இதுவே மூலப்பொருள். விலை குறைவு, எடை குறைவு, சூடு காட்டினால் வளையும், வண்ணம் பூசினால் இரும்பு போலவே தெரியும்.

இந்தக் கைவேலையை யாரும் கைவிட வேண்டாம். ஆனால் தரையில் விரிப்பதற்காகச் செய்த பொருளை வெட்டி, சூடாக்கி, ஒட்டி, ஒரு குழந்தையின் உடம்பில் கட்டும்போது எழும் ஆபத்துகள் பாயின் உறையில் எழுதப்பட்டிருக்காது. அவற்றையும், கெடுதல் நேர்ந்தால் சட்டம் தரும் பாதுகாப்பையும் பெற்றோரும் ஆசிரியர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பாய் எதனால் ஆனது?

ரப்பர் பாய் என்று நாம் சொன்னாலும் பெரும்பாலும் அது ரப்பர் இல்லை. எத்திலீன் வினைல் அசிடேட், சுருக்கமாக இ.வி.ஏ. என்னும் நுரைப்பொருள். வலையைத் தாங்கும் மிதவைகளிலும், காலில் போடும் இலேசான செருப்புகளிலும் இருப்பது இதே இனம்தான். அதனால் மீனவர் வீட்டுக்கு இது அந்நியமான பொருள் அல்ல.

நுரை எழுப்பச் சேர்க்கும் வேதிப்பொருளின் மிச்சமாக ஃபார்மமைடு என்ற ஒன்று புதுப் பாயில் தங்கியிருக்கக்கூடும். கருவின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கும் பொருள் அது. குழந்தைகளுக்கான, கோத்து விரிக்கும் நுரைப் பாய்களில் இது இருந்ததால் பெல்ஜியம் 2010 டிசம்பரிலும், பிரான்ஸ் 2011இலும் அவற்றின் விற்பனையை நிறுத்தின. பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் நுரை விளையாட்டுப் பொருள்களிலிருந்து இது எவ்வளவு வெளியேறலாம் என்று வரம்பு வகுத்தது. நாள் ஆக ஆக வெளியேறும் அளவு குறையும். ஆகவே புதுப் பாயை வாங்கிய அன்றே வெட்ட வேண்டாம். உறையைப் பிரித்து, காற்றோட்டமான நிழலில் சில நாள்கள் போட்டு வையுங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி போகாத பாயைக் குழந்தையின் உடம்பில் கட்டாதீர்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையிலிருந்து விலகி இருப்பது நல்லது.

பசையின் ஆவி தரையில் தேங்கும்

பாயைவிடப் பெரிய ஆபத்து பசையில் இருக்கிறது. செருப்பு தைப்பவரும் சைக்கிள் கடைக்காரரும் ‘சொல்யூஷன்’ என்று சொல்லும் ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, ஈரம் போனதும் அழுத்தி ஒட்டுவதுதான் வழக்கம். அந்த ‘ஈரம்’ என்பது டொலுவீன், ஹெக்சேன் போன்ற கரைப்பான்கள். ஈரம் போகிறது என்றால் அவை உங்கள் அறைக் காற்றில் கலக்கின்றன என்று பொருள்.

டொலுவீன் மூளையைத் தாக்கும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், போதை போன்ற மயக்கம் வரும். ஹெக்சேனை நாள்கணக்கில் சுவாசித்தால் கை, கால் நரம்புகள் கெடும். செருப்புத் தொழிலில் இருந்தவர்களுக்குக் கை கால் மரத்து, நடை தளர்ந்துபோனதை ஜப்பானிலும் இத்தாலியிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். விழாவுக்கு ஒரு கவசம் செய்பவரைவிட, வாடகைக்குக் கொடுப்பதற்காக மாதக்கணக்கில் செய்பவருக்குத்தான் இந்த அபாயம் அதிகம்.

இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை. மேலே போகாமல் தரையை ஒட்டித் தேங்கும். நம் வீட்டில் வேலை நடப்பதும் தரையில்தான், பக்கத்தில் பிள்ளை உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதும் தரையில்தான். டொலுவீன் ஆவி தீப்பிடிக்க 4 டிகிரி செல்சியஸ் வெப்பமே போதும். ஹெக்சேனுக்கு அதுகூட வேண்டாம். காரைக்கால் கடற்கரையில் மார்கழி விடியற்காலையில்கூட அதைவிடச் சூடு அதிகம். ஒரு கொசுவத்தியின் கங்கு, சாமி விளக்கு, அடுப்பு, சுவிட்சில் தெறிக்கும் பொறி, இவற்றில் எதுவும் அந்த ஆவியைப் பற்றவைக்கலாம்.

எனவே பசை வேலையைத் திண்ணையிலோ கொல்லையிலோ மாடியிலோ வைத்துக்கொள்ளுங்கள். அறையின் கதவைச் சாத்திக்கொண்டு செய்யவே கூடாது. துணி முகக்கவசமும் என்-95 முகக்கவசமும் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. தொடர்ந்து செய்பவர்கள் கரைப்பான் ஆவிக்கென்றே கரி வடிகட்டி பொருத்திய முகமூடியை வாங்க வேண்டும். பசையைக் கையாள்வது பெரியவர்களாக இருக்கட்டும். வேலை முடிந்ததும் டப்பாவை இறுக மூடிப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டுங்கள். இந்தப் பசையை முகர்ந்து போதைக்கு அடிமையான சிறுவர்கள் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

உடனே பிடிக்கும் சொட்டுப் பசையிலும் கவனம் தேவை. அது பருத்தித் துணியில் பட்டால் சட்டென்று கொதித்துச் சூடாகும். மடியில் சிந்தினால் லுங்கிக்குள்ளேயே தோல் வெந்துபோகும்.

கத்தி, சூடு, தூசு

மழுங்கிய பிளேடுதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும். புதுப் பிளேடு போட்டு, உடம்புக்கு எதிர்ப்பக்கமாக, பல முறை மெதுவாகக் கோடிழுத்து வெட்டுங்கள். பாயை வளைக்க உதவும் சூட்டுத் துப்பாக்கி சில நூறு டிகிரி காற்றைக் கக்கும். பாய் பளபளத்து இளகியதும் எடுத்துவிட வேண்டும். புகை வந்தால் அது கருகுகிறது, சுவாசிக்கக் கூடாது. பசை தடவிய துண்டின் ஈரம் முழுதும் போகுமுன் சூட்டுத் துப்பாக்கியைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். விளிம்பை உப்புத்தாளால் தேய்க்கும்போது கண்ணாடியும் முகக்கவசமும் அணியுங்கள்.

உடம்பில் ஏறிய பிறகு

நுரையில் காற்று புகாது, வியர்வை ஆறாது. கடலோரத்தின் ஈரப்பதத்தில், மேடை விளக்கின் கீழே, குழந்தை விரைவில் துவண்டுவிடும். அக்குளிலும் முதுகிலும் இடைவெளி விட்டுச் செய்யுங்கள். உள்ளே பருத்தி பனியன் போடுங்கள். பெயர் கூப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்பு அணிவித்து, இறங்கியதும் கழற்றுங்கள். தலைசுற்றல், வாந்தி, குழறல், அளவுக்கு மீறிய சோர்வு தெரிந்தால் நிகழ்ச்சியை நிறுத்துங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், கவசத்தைக் கழற்றி, உடம்பில் ஈரத்துணி போட்டு விசிறுங்கள். நினைவு தடுமாறினால் உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கழுத்தில் கயிறு கட்டாதீர்கள். இழுத்தால் பிரியும் வெல்க்ரோ பட்டையே பாதுகாப்பு. தலைக்கவசம் போட்டவருக்குப் பக்கவாட்டுப் பார்வை குறையும். படி ஏறி இறங்கும்போது ஒருவர் கைப்பிடித்து வரட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தீ. இந்த நுரை பற்றினால் உருகிச் சொட்டும், தோலில் ஒட்டிக்கொள்ளும். கவசம் அணிந்தவரைக் குத்துவிளக்கு ஏற்றச் சொல்லாதீர்கள். கற்பூரம், மத்தாப்பு, பட்டாசு அருகே நிறுத்தாதீர்கள்.

விபத்து நடந்துவிட்டால்

உடையில் தீப்பிடித்தால் ஓடாமல் படுத்து உருள வேண்டும். தீக்காயத்தின் மேல் ஓடும் தண்ணீரை 20 நிமிடம் விடுங்கள். ஒட்டிய நுரையைப் பிய்க்காதீர்கள். மை, மாவு, பற்பசை எதுவும் தடவாதீர்கள். பசை நெடியில் மயங்கினால் முதலில் திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள். விஷம் பற்றிய ஆலோசனைக்கு டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. விரலோ இமையோ சொட்டுப் பசையில் ஒட்டிக்கொண்டால் பிரித்து இழுக்கக் கூடாது. விரலை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வையுங்கள், கண்ணுக்கு மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் உரிமை

14 வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், உள்நாட்டுப் பொருளானாலும் இறக்குமதியானாலும். பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொருள்களுக்கு விலக்கு உண்டு. விளையாட்டு வேட உடைகள் எளிதில் தீப்பற்றுகின்றனவா என்று சோதிப்பதும் அந்தத் தரநிர்ணயத்தில் அடங்கும். முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் அது உண்மையா என்று தெரிந்துவிடும். புகாரையும் அதிலேயே பதியலாம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, குறையுள்ள பொருளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் உற்பத்தியாளரை இழப்பீடு தரச் சொல்கிறது. போதிய எச்சரிக்கையோ பயன்படுத்தும் முறையோ பொருளில் சொல்லாமல் விட்டாலும் அது உற்பத்தியாளரின் பொறுப்பே. சில சூழ்நிலைகளில் விற்றவரும் பொறுப்பாவார். வாடகைக்கு வாங்கிய வேட உடையும் காசு கொடுத்துப் பெற்ற சேவைதான். இணையத்தில் வாங்கினால், புகாரை அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதி.

தீரவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலேயே பேசலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் பகுதியின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பில்லாமல் இலவசச் சட்ட உதவி கேட்கலாம், எண் 15100. இத்தனைக்கும் அடிப்படை ஒரு துண்டுச் சீட்டு. பாய்க்கும் பசைக்கும் ரசீது வாங்குங்கள், உறையையும் பத்திரப்படுத்துங்கள்.

பள்ளியின் பொறுப்பு

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரை எரிந்து 94 பிள்ளைகள் மாண்டதை இந்தக் காவிரிக்கரை மறக்காது. அதை முன்வைத்துத் தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல், பாதுகாப்பான பள்ளியில் படிப்பது குழந்தையின் அடிப்படை உரிமை என்றது. தீயணைப்பான், தடையில்லாத வெளிவாசல், பயிற்சி பெற்ற ஆசிரியர் ஆகியவை ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும். ஆண்டு விழா நாளும் பள்ளி நாள்தான். இவை தயாராக உள்ளனவா என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்பது உங்கள் உரிமை.

மிச்சத் துண்டுகள்

வெட்டி விழுந்த நுரைத் துண்டுகளைக் குப்பையோடு எரிக்காதீர்கள், வாய்க்காலில் போடாதீர்கள். மிதவைக்கு உதவும் அதே குணத்தால் அது மூழ்காமல் கடலில் அலைந்து, மீன் வயிற்றுக்கும் நம் வலைக்கும்தான் திரும்பி வரும். சாக்கில் கட்டி, உலர் குப்பையாகக் கொடுங்கள்.

அடுத்த விழாவுக்கு உங்கள் பிள்ளை கவசம் கேட்டால் மறுக்காதீர்கள். பாயை ஆறப்போட்டு, கொல்லையில் உட்கார்ந்து, பசையை உங்கள் கையாலேயே தடவிக் கொடுங்கள். ரசீதைப் பையில் வையுங்கள். விளக்கிலிருந்து பிள்ளையைத் தள்ளி நிறுத்துங்கள். மேடை ஏறிய பிள்ளை, ஏறியபடியே சிரித்துக்கொண்டு இறங்கி வரட்டும்.