ஆற்றுக்கு ஒரு வெப்பமானி!
கண்ணுக்குத் தெரியாத ஊற்றைக் காட்டிக்கொடுக்கும் குளிர்ச்சி

வாரக்கணக்கில் மழை இல்லாவிட்டாலும் கூலாய் வட்டாரத்தில் ஸ்கூடாய், சாயோங் ஆறுகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வானம் தராத தண்ணீரை ஆற்றுக்குத் தருவது யார்?

நிலம்தான். மழைநாளில் மண்ணுக்குள் இறங்கிய நீர், வறண்ட நாள்களில் ஆற்றின் அடியிலும் கரையிலும் மெல்லக் கசிந்து கலக்கிறது.

சாயோங் ஆறு சேரும் ஜொகூர் ஆற்றை நம்பிப் பல லட்சம் பேர் இருக்கிறார்கள். 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, சிங்கப்பூர் மட்டுமே நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம். அந்த ஆற்றுக்குத் துணையான லிங்கியு அணையில் 2016 அக்டோபரில் நீர் இருப்பு 20 விழுக்காடாகச் சரிந்தது. அத்தகைய நாள்களில் ஒவ்வோர் ஊற்றும் முக்கியம்.

கம்பி சொல்லும் கதை

ஆற்றில் இறங்கிக் குளித்த பெரியவர்களைக் கேளுங்கள். காலடியில் திடீரெனச் ‘சில்’லென்று ஓர் இடம் வரும் என்பார்கள். வெயிலில் ஆற்றுநீர் சூடேறும். நிலத்தடி நீரோ இரவு பகல் பாராமல் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும்.

இதைத்தான் அறிவியல் கருவியால் அளக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் செல்கரும் குழுவினரும், லக்சம்பர்க் நாட்டின் ஓர் ஓடையில் ஒளியிழைக் கம்பியைக் கிடத்திச் செய்த ஆய்வை 2006இல் வெளியிட்டனர். கம்பிக்குள் லேசர் ஒளியைப் பாய்ச்சினால், வழிநெடுக அதில் சிறிது சிதறித் திரும்பி வரும். அந்த ஒளியை வைத்து எந்த இடத்தில் எவ்வளவு வெப்பம் என்று கணக்கிடலாம். மீட்டருக்கு ஒரு வெப்பமானி வைத்தது போல!

நமக்குக் குளிர்காலம் இல்லையே?

ஐரோப்பாவில் ஊற்றுநீர் கோடையில் ஆற்றைவிடக் குளிர்ந்தும், குளிர்காலத்தில் சூடாகவும் இருக்கும். கூலாயில் பருவ வேறுபாடு குறைவு. ஆகவே, இங்கே பகலையும் இரவையும்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வெவ்வேறு உயரங்களில் வெப்பமானிகள் பொருத்திய கோலை ஆற்றுப்படுகையில் செருகலாம். நிலத்தடி நீர் மேலே ஏறும் இடத்தில், ஆற்றின் பகல் சூடு படுகைக்குள் இறங்காமல் சீக்கிரமே அடங்கிவிடும். ஆற்றுநீர் மண்ணுக்குள் இறங்கும் இடத்திலோ, அந்தச் சூடு ஆழம்வரை எட்டும்.

ஆனால், குளிர்ந்த இடமெல்லாம் ஊற்றாகாது. மரநிழலும் ஆழமான மடுவும்கூட ஏமாற்றும். அதனால்தான் பல நாள் அளந்து, நீரின் மின்கடத்தும் திறனையும் சோதித்த பிறகே முடிவு சொல்வார்கள்.

ஊற்று எங்கே என்று தெரிந்தால், எந்த நிலத்தைச் சிமெண்டால் மூடக்கூடாது, எங்கே கழிவைக் கொட்டக்கூடாது என்பதும் தெரியும். மண்ணில் ஊறும் உரமும் குப்பைமேட்டுக் கசிவும் அதே வழியில்தான் ஆற்றுக்கு வருகின்றன. ஆற்றைக் காப்பது என்பது கரையோடு முடிகிற வேலை இல்லை. அதைச் சுற்றியுள்ள மண்ணையும் சேர்த்துக் காக்க வேண்டும்.