மலைப் பயணமும் தீவின் பொழுதும்

கோடை விடுமுறை வந்தால் டாலிகஞ்சிலும் அதனைச் சூழ்ந்த குடியிருப்புகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டு எண்ணங்களே தோன்றும். கப்பலேறித் தாயகம் சென்று வருவது ஒன்று. குழந்தைகளுடன் கடற்கரைக்குச் செல்வது மற்றொன்று. துறைமுகத்துக்கு அக்கரையில் பசும் போர்வை போர்த்து நிற்கும் மலையை ஆண்டுக்கணக்கில் கண்டு வருவோரிலும் பலர் அதன்மேல் நடந்து ஏறியதில்லை. இவ்வாண்டு அவ்வாறு ஏற விரும்பும் அன்பர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது.

மவுண்ட் ஹாரியட் என்று நெடுங்காலம் வழங்கிய அம்மலை, 2021 அக்டோபர் முதல் மவுண்ட் மணிப்பூர் எனப் பெயர் பெற்றுள்ளது. 1891ஆம் ஆண்டு ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட மணிப்பூர் வீரர்கள் நாடு கடத்தப்பட்டு இங்கே வைக்கப்பட்டிருந்ததன் நினைவாக அப்பெயர் சூட்டப்பட்டது. மலையின் உயரம் 383 மீட்டர். பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்புறத்தில் காண்பது இம்மலையின் தோற்றமே. உயரத்தைக் கேட்டு, “இது ஒரு மலையா?” என்று எண்ணிவிடலாகாது. கடல் மட்டத்திலிருந்தே ஏற்றம் தொடங்குகிறது. காட்டினுள் காற்று அசையாது; ஈரம் மிகுதி; வியர்வை உலராது. ஆகவே உடலின் வெப்பம் தணிவதில்லை. இங்கே 5 கிலோமீட்டர் நடப்பது, சமவெளியில் அதே தொலைவு நடப்பதைக் காட்டிலும் பெரிதும் களைப்புத் தரும்.

இவை யாவற்றினும் முதன்மையாகக் கருத வேண்டியது பொழுது. நம் கையிலுள்ள கடிகாரம் இந்திய நாடு முழுமைக்கும் பொதுவானது. நம் தலைமேலுள்ள சூரியனோ இத்தீவுக்கு உரியது. இந்தியப் பொது நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. ஸ்ரீ விஜய புரம் என 2024இல் பெயர் மாறிய நம் போர்ட் பிளேர், ஏறத்தாழ 92¾ பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் கணக்கிட்டால், சூரியன் நமக்கு 41 நிமிடம் முந்துகிறது. ஏப்ரல் நடுவில் சென்னையில் உச்சிப்பொழுது 12 மணி 9 நிமிடம் அளவில் வரும். இங்கே 11 மணி 19 நிமிடத்துக்கே வந்துவிடும். காலை 5 மணி 10 நிமிட அளவில் கதிரவன் தோன்றி, மாலை ஐந்தரை மணிக்குள் மறைகிறான். மரக்கூடலின் அடியில் அதற்கும் முன்பே இருள் சூழும். ஊரிலிருந்து புதிதாக வந்தோர், “மணி நாலுதானே, பொழுதிருக்கிறது” என்று சொல்வது இங்கே பொருந்தாது.

இம்மலையின் வரலாறே இதற்கு ஓர் எச்சரிக்கை. 1872 பிப்ரவரி 8ஆம் நாள், வைஸ்ராய் மேயோ பிரபு மாலையில் இம்மலை மீதேறி அந்தி வானத்தைக் கண்டார். அவர் கீழே இறங்கி ஹோப்டவுன் ஜெட்டியை அடைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அவ்விருளில் ஷேர் அலி அப்ரீதி என்னும் கைதி அவரைக் கத்தியால் குத்திக் கொன்றான். இன்று அத்தகைய அச்சம் நமக்கில்லை. ஆயினும் மலையின் அடிவாரத்தை ஒளியிருக்கும்போதே அடைய வேண்டும் என்னும் பாடம் இன்றும் பொருந்தும்.

இனித் திட்டத்தைக் காண்போம். மலையுச்சியிலிருந்து மதுபன் வரை செல்லும் காட்டுவழி சுமார் 16 கிலோமீட்டர். வில்லியம் நெய்ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு கணக்கு வகுத்தார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி. இதன்படி 16 கிலோமீட்டரும் 383 மீட்டர் ஏற்றமும் நான்கு மணிக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் முடியும். அது குளிர் நாட்டு மலையேறிக்கான கணக்கு. நம் வெப்பத்துக்கும் குடும்பத்தோடு செல்லும் நடைக்கும் அதனை இரட்டிப்பாக்கி, உணவுக்கும் ஓய்வுக்கும் ஒரு மணி சேர்க்க வேண்டும். காலை 7 மணிக்குத் தொடங்குவோர் மாலை நாலு மணிக்கு முன் முடிப்பர். 9 மணிக்குத் தொடங்குவோரை இருள் வழியிலேயே பிடித்துக்கொள்ளும். ஆதலால் சாத்தம் ஜெட்டியில் பம்பூ பிளாட்டுக்குச் செல்லும் அதிகாலைப் படகைத் தவறவிடலாகாது. படகின் நேரத்தையும், வனத்துறைச் சாவடி திறக்கும் நேரத்தையும், அனுமதி விவரங்களையும் முதல் நாளே கேட்டறிக. மதுபனிலிருந்து திரும்ப வண்டியும் முன்னரே பேசி வைக்க வேண்டும்.

சிறுவரும் முதியோரும் உடன் வந்தால், உச்சி வரை வண்டியில் சென்று, அங்கிருந்து சுமார் 2 கிலோமீட்டரில் உள்ள காலா பத்தர் என்னும் கரும்பாறை வரை நடந்து திரும்புவதே போதும்.

ஆளுக்கு 3 லிட்டர் நீராவது வேண்டும். உப்பிட்ட எலுமிச்சைச் சாறு நன்று. புளியோதரை பிற்பகல் வரை கெடாது, தயிர்ச்சாதம் புளித்துவிடும். முழுக்கால் உடையும் மூடிய காலணியும் அணிக. இத்தீவுகளின் பெரும்பூரான் கடித்தால் வலி கடுமையாக இருக்கும். விழுந்த மரத்தடியில் கையை நுழைக்கவோ, பாராமல் அமரவோ கூடாது. ஓடைகள் கடலில் கலக்குமிடங்களில் முதலை நடமாடக்கூடும். களைப்பாற அங்கே இறங்கவே கூடாது. டார்ச்சு விளக்கு ஒன்று கையில் இருக்கட்டும். புறப்படும் முன், செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் அண்டை வீட்டாரிடம் கூறி வையுங்கள்.

பருவமும் முக்கியம். கேரளக் கரைக்கு ஜூன் முதல் நாளையொட்டி வரும் தென்மேற்குப் பருவமழை, இங்கே மே மூன்றாம் வாரத்தையொட்டியே வந்துவிடும். பின்னர் பாதை வழுக்கும், அட்டைகளும் பெருகும். ஆதலின் மார்ச், ஏப்ரல் மாதங்களே தக்கவை.

முடிவாக ஒன்று. முன்பே குறித்துக்கொண்ட நேரத்துக்குள் பாதி வழியும் கடக்கவில்லையெனில், வந்த வழியே திரும்புவதென்று வீட்டிலேயே முடிவு செய்து கொள்ளுங்கள். களைத்த பின் மலையில் நின்று எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் ஆசையின்பாற்பட்டவை. இதில் தோல்வி ஏதுமில்லை. இன்று திரும்பினால் அடுத்த ஞாயிறு மறுபடியும் ஏறலாம். இம்மலையில் பழகிய கால்கள், திக்லிபூரில் 732 மீட்டர் உயர்ந்து நிற்கும் சாடில் பீக் சிகரத்துக்கும் பின்னொரு நாள் தகுதி பெறும்.