கறுப்பு கிரேயானைக் கண்டு பதறாதீர்கள்

2017இல் டெல்லி நீதிமன்றம் ஒன்றில், பாலியல் கொடுமை வழக்கில் சாட்சி சொல்ல வந்த சிறுமியிடம் காகிதமும் கிரேயானும் கொடுத்திருந்தார்கள். அவள் பாட்டுக்கு வரைந்தாள். மங்கிய நிறத்தில் ஒரு வீடு, பலூன் பிடித்த பெண், தரையில் கிடக்கும் கவுன். அவளுடைய வாக்குமூலத்தோடு அந்தப் படத்தையும் நீதிபதி கணக்கில் எடுத்துக்கொண்டார். குற்றவாளியான உறவினர் சிறைக்குப் போனார்.

வரையும்போது குழந்தை பெரியவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டியதில்லை. எந்த நிறம், எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அதன் கையில். எல்லாமே கைமீறிப்போன குழந்தைக்கு அது சின்ன விஷயமல்ல. இலங்கையின் மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், போரைப் பார்த்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து வரைந்தார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள். இப்படி மனம் ஆறுவது ஒருநாள் முகாமில் நடக்கிற காரியமல்ல.

ஆபத்து, அரைகுறை ஜோசியத்தில் இருக்கிறது. கறுப்பு அடித்தால் மன அழுத்தம், கை இல்லாத பொம்மை என்றால் கொடுமை என்று வீடியோவில் சொல்பவர்களை நம்பாதீர்கள். டப்பாவில் மிஞ்சியது கறுப்பு மட்டுமாகவும் இருக்கலாம்! “இதைப் பத்தி சொல்றியா?” என்று கேளுங்கள். “இது மாமாவா?” என்று கேட்டால், நாளை வழக்கில் சொல்லிக்கொடுத்த சாட்சி என்பார்கள். ஓவியச் சிகிச்சை தருபவரிடம் மனநலப் படிப்பு என்ன, படங்கள் யாரிடம் இருக்கும் என்று விசாரியுங்கள். குழந்தையைக் கேட்காமல் படத்தை ஆண்டுவிழாவில் மாட்டவோ ஸ்டேட்டஸில் போடவோ கூடாது.

பாலியல் கொடுமை தெரியவந்தால், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது எல்லோருக்கும் கட்டாயம். பள்ளியின் பெயர் கெடும் என்று, தன்கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர்மீது வழக்குப் பாயாது. சீருடை இல்லாத அதிகாரி, குழந்தையின் வீட்டிலேயோ அது விரும்பும் இடத்திலேயோ வாக்குமூலம் வாங்க வேண்டும். அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது. உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416.

அப்படிப் புகார் தரும்போது, குழந்தை வரைந்த படத்தின்மேல் எதுவும் எழுதாமல் உறையில் போட்டு வையுங்கள். குழந்தை சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதியோடு, தனித்தாளில் குறித்து இரண்டையும் சேர்த்துக் காவல்துறையிடம் ஒப்படையுங்கள்.