தீவுக்குக் கட்டிய பணம், கப்பல் நிற்காவிட்டால்?

2022 ஜூன் 4-ஆம் தேதி, சென்னைத் துறைமுகத்தில் கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ சொகுசுக் கப்பலை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து வழியனுப்பினார். அடுத்த வாரமே அந்தக் கப்பல் வேறொரு காரணத்துக்காகச் செய்தியில் அடிபட்டது. விசாகப்பட்டினம் போய், புதுச்சேரியில் நின்று, சென்னை திரும்புவதுதான் திட்டம். கப்பலில் சூதாட்டம் நடக்கும், கலாச்சாரம் கெட்டுப்போகும் என்று புதுச்சேரியில் கட்சிகள் எதிர்ப்புக் கிளப்பின. நாங்கள் அனுமதியே கொடுக்கவில்லை என்றார் அப்போது துணைநிலை ஆளுநர் பொறுப்பில் இருந்த தமிழிசை. கப்பல் பயணிகளை அங்கே இறக்காமலே திரும்பியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 ஜூலையில், அதே நிறுவனத்தின் கப்பல் புதுச்சேரிக்கு வந்தது. பயணிகள் சிறு படகுகளில் கரை சேர்ந்தார்கள். அது பின்னால் நடந்த கதை. 2022-ல் டிக்கெட் வாங்கியவர்களுக்குப் புதுச்சேரி கிடைக்கவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம்.

க்ரூஸ் டிக்கெட்டில் அச்சடித்த ஊர்ப் பெயர் உறுதிமொழி அல்ல. வானிலை, துறைமுக அனுமதி, பாதுகாப்பு, இயந்திரக் கோளாறு என்று எந்தக் காரணத்துக்காகவும் ஒரு நிறுத்தத்தை விட்டுவிடக் கப்பல் நிறுவனம் தன் ஒப்பந்தத்திலேயே உரிமை எழுதி வைத்துக்கொள்கிறது. ஊரைப் பார்க்க முடியாமல் போனால் ஏமாற்றம் மட்டும்தான். அந்த ஊரில் பொழுதுபோக்க முன்கூட்டியே தனியாகப் பணம் கட்டியிருந்தால், அது பணப் பிரச்சினை. இது அதிகம் நடக்கிற இடம், கப்பல் நிறுவனங்களின் சொந்தத் தீவுகள்.

அந்தத் தீவுகள் பெரும்பாலும் பஹாமாஸில் இருக்கின்றன. தாம்பரத்தில் இருப்பவருக்கும் பஹாமாஸ் தீவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சேலையூர், குரோம்பேட்டை, மாடம்பாக்கம் பக்கம் எந்தத் தெருவில் விசாரித்தாலும் டல்லாஸிலோ நியூ ஜெர்சியிலோ பிள்ளை இருக்கிற ஒரு வீடு அகப்படும். அப்பா அம்மா ஆறு மாதம் போய் இருக்கும்போது, பேரன் பேத்திகளோடு மயாமியில் இருந்து ஒரு கப்பல் பயணம் என்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தப் பயணங்கள் பலவற்றுக்கு விளம்பரமே தீவை வைத்துத்தான். ராயல் கரீபியனுக்குக் கோகோகே, நார்வீஜியனுக்கு கிரேட் ஸ்டிரப் கே, டிஸ்னிக்கு காஸ்டவே கே, கார்னிவல் குழுமத்துக்கு ஹாஃப் மூன் கே. இதில் ஒரு சுவாரசியம்: சென்னையில் கொடியசைத்து அனுப்பினார்களே, அந்த எம்பிரஸ் 1990-ல் ‘நோர்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் ராயல் கரீபியனுக்காகக் கட்டப்பட்டது. மயாமிக்கும் பஹாமாஸுக்கும் மூன்று நாள், நான்கு நாள் போய்வருவதுதான் அதன் முதல் உத்தியோகம்.

தீவில் எது இலவசம், எது காசு என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுவாக மணலில் சாய்வு நாற்காலியும் மதியச் சாப்பாடும் டிக்கெட்டிலேயே அடக்கம். குடை சில தீவுகளில் இலவசம், சிலவற்றில் வாடகை. கபானா என்கிற நிழற்குடில், முகமூடியும் குழாயும் மாட்டிக்கொண்டு மீன் பார்க்கிற ஸ்நார்க்கெல் சாமான், மிதக்கும் பாய், ஜெட் ஸ்கீ, கயாக், தண்ணீர்ச் சறுக்குப் பூங்கா எல்லாம் தனிக் காசு. கபானா விலை நாளுக்கு நாள், கப்பலுக்குக் கப்பல் மாறும். விமான டிக்கெட் மாதிரிதான். இன்று பார்த்த விலை அடுத்த வாரம் இறங்கவும் செய்யும். ரத்து செய்ய இடமிருக்கும் தேதிக்குள் என்றால், பழையதை ரத்து செய்துவிட்டுக் குறைந்த விலையில் மறுபடி எடுக்கலாம். அந்தக் கடைசித் தேதி எது என்பது ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும். அதை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வயதான இரண்டு பேருக்குக் கபானா வீண் செலவு என்பது என் அபிப்பிராயம். எட்டுப் பேர் குடும்பமாகப் போய்ச் செலவைப் பகிர்ந்துகொண்டால் சரி. பெரியவர்கள் கபானாவைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, கப்பல் தீவின் கரையிலேயே அணைகிறதா, அல்லது நடுக்கடலில் நிறுத்தி ‘டெண்டர்’ என்கிற சிறு படகில் இறக்குகிறார்களா என்பதுதான். கோகோகேயில் நேராக அணைய மேடை கட்டிவிட்டார்கள். ஹாஃப் மூன் கேயில் பல ஆண்டுகளாக டெண்டர் படகுதான் வழக்கமாக இருந்தது. ஆடும் படகில் காலை எடுத்து வைப்பது மூட்டுவலிக்காரர்களுக்குச் சிரமம். காற்று கூடிவிட்டால் டெண்டர் ஓடாது, அன்றைக்குத் தீவு கிடையாது. கரையோடு அணைகிற இடத்திலும் காற்றடித்தால் ரத்துதான், ஆனால் வாய்ப்பு குறைவு. சைவச் சாப்பாட்டுக்காரர்கள் கப்பலில் ஏறிய முதல் நாளே உணவகப் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுவது நல்லது. தீவில் போடுவது பெரும்பாலும் சுட்ட இறைச்சிதான்.

இனி காசு திரும்பி வரும் வழி. தீவுச் செயல்பாட்டைக் கப்பல் நிறுவனத்திடமே பதிவு செய்திருந்து கப்பல் அங்கே நிற்காவிட்டால், அந்தத் தொகையைத் திருப்பித் தருவது பொது வழக்கம். நேராக உங்கள் கார்டுக்கு வருகிறதா, கப்பலுக்குள் செலவழிக்கும் கணக்கில் வரவு வைக்கிறார்களா என்பதைப் பாருங்கள். கணக்கில் வைத்தால், செலவாகாத மிச்சத்தைக் கையில் தருவார்களா, கடைசி இரவோடு காலாவதியாகுமா என்று வாடிக்கையாளர் மேசையில் கேட்டுவிடுங்கள். கப்பலை விட்டு இறங்கிய பிறகு கேட்பவருக்குப் பதில் கிடைக்க மாதங்கள் ஆகலாம். மூன்றாம் ஆளிடம், அதாவது தனியார் சுற்றுலா ஏற்பாட்டாளரிடமோ நம் ஊர் ஏஜென்ட்டிடமோ கட்டியிருந்தால் கப்பல் நிறுவனம் கைவிரித்துவிடும். காசு வாங்கியவரிடம்தான் நியாயம் கேட்க வேண்டும்.

நிறுத்தம் விட்டுப்போக அரசியல் காரணமும் வரும். ஹெய்ட்டியில் உள்ள லபாடீ, ராயல் கரீபியன் தனக்கென வைத்திருக்கும் கடற்கரை. அந்த நாட்டில் வன்முறை முற்றியதால் 2024-ல் கப்பல்கள் அங்கே போவது நிறுத்தப்பட்டது. பிறகு தொடங்கி, 2025-ல் மறுபடியும் நிறுத்தினார்கள். டிக்கெட் வாங்கியபோது லபாடீ, ஏறியபோது வேறு ஊர் என்று பலருக்கு ஆனது.

க்ரூஸ் நிறுவனங்களின் சர்வதேச சங்கம் 2013-ல் பயணிகள் உரிமைச் சாசனம் ஒன்றை வெளியிட்டது. அந்த ஆண்டு பிப்ரவரியில் ‘கார்னிவல் டிரையம்ப்’ கப்பலில் தீப்பிடித்து, பயணிகள் நாள்கணக்கில் கடலில் தவித்ததன் விளைவு அது. இயந்திரக் கோளாறால் பயணமே ரத்தானால் முழுப் பணம், பாதியில் நின்றால் பகுதிப் பணம் என்கிறது. காற்றால் ஒரு தீவு விட்டுப்போவதற்கு அதில் மருந்து இல்லை.

வழக்கு என்று வரும்போதுதான் எங்கே புக் செய்தோம் என்பது உறைக்கும். வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு தம்பதி கார்னிவல் கப்பலில் போனார்கள். மனைவி வழுக்கி விழுந்து காயம்பட்டார். தங்கள் ஊரிலேயே வழக்குப் போட்டார்கள். டிக்கெட்டில் ‘புளோரிடா நீதிமன்றங்கள் மட்டும்’ என்று பொடி எழுத்தில் ஒரு விதி இருந்தது. 1991-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. அமெரிக்காவிலேயே வாழ்பவருக்கு இந்த நிலை. காயம் தொடர்பாக ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு, ஓராண்டுக்குள் வழக்கு என்று காலக்கெடுவைச் சுருக்கவும் அந்நாட்டுச் சட்டம் கப்பல் நிறுவனங்களுக்கு இடம் தருகிறது. ஆகவே, பிள்ளை அங்கே தன் கார்டில் நேரடியாகப் பதிவு செய்தால் தாம்பரத்துக்கு வந்து வழக்காடலாம் என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். விழுந்தால் அன்றே கப்பல் மருத்துவரிடம் பதிவு, புகைப்படம், பக்கத்தில் இருந்தவரின் தொடர்பு எண், மூன்றையும் வாங்கிவிட வேண்டும்.

இங்கே இருக்கிற ஏஜென்ட் வழியாகவோ, இந்தியாவில் இயங்கும் நிறுவனத்திடமோ வாங்கினால் கதை வேறு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் தான் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்தின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம் என்கிறது. நிறுவனம் மும்பையில் இருந்தாலும் பரவாயில்லை. தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டைக்காரர்களுக்குச் செங்கல்பட்டு மாவட்ட ஆணையம். சோழிங்கநல்லூர் வட்டம் 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டதால் அங்கே இருப்பவர்கள் சென்னைக்குத்தான் போக வேண்டும். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளில் இருந்து இரண்டு ஆண்டுகள்தான் கெடு.

‘தகராறு வந்தால் மத்தியஸ்தர்தான்’ என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதை அது தடுக்காது. எமார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்த விதிகளைத் திணிப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019-ல் பயனீர் அர்பன் வழக்கில் சொன்னது. அது அடுக்குமாடி வீட்டு வழக்கு என்றாலும் தத்துவம் ஒன்றுதான். ‘எந்தக் காரணத்துக்கும் பணம் திரும்பாது’ என்று ரசீதின் அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். ஆனால் அந்த விதியையே செல்லாதென்று அறிவிக்கக் கேட்பதானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். சேவைக் குறைபாடு, பணத்தைக் கொடு என்று கேட்க மாவட்ட ஆணையம் போதும்.

ஏஜென்ட்டிடம் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ரசீது. ஜிஎஸ்டி எண்ணோடு அவர் பெயரில் ரசீது தராமல், ‘ஜிபே பண்ணுங்க சார், பார்த்துக்கலாம்’ என்கிறவரிடம் காசு போனால், பின்னால் அவர் ‘நான் வெறும் இடைத்தரகன்’ என்று நழுவ வசதியாக இருக்கும். கப்பல் கட்டணம், துறைமுக வரி, தீவுச் செயல்பாடு, டிப்ஸ் எல்லாவற்றையும் தனித்தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். ஒரே தொகையாக எழுதினால் தீவுக்கு எவ்வளவு என்று நிரூபிக்க முடியாது. வெளிநாட்டுப் பேக்கேஜுக்குப் பிடிக்கும் டிசிஎஸ் என்கிற வரித் தொகையும் தனியாகத் தெரிய வேண்டும். அது உங்கள் பான் கணக்கில் ஏறும்; வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது திரும்பப் பெறலாம். ஓய்வூதியக்காரர்கள் பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இணையத்தில் பதிவு செய்யும்போது, நீங்கள் கேட்காத காப்பீடோ சுற்றுலாவோ கூடையில் தானாக ஏறி உட்கார்ந்திருக்கும். ‘இன்னும் இரண்டு கபானாதான் பாக்கி’ என்று பொய்யாக அவசரப்படுத்துவார்கள். கடைசிப் பக்கத்தில் விலை எகிறும். இவற்றையெல்லாம் ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயரிட்டு, 2023 நவம்பர் 30 வழிகாட்டுதல்களில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்திருக்கிறது. இந்தியாவில் விற்கிற தளங்களுக்கு அது பொருந்தும். திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். பெரிய நிறுவனங்கள் பல இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். கார்டில் கட்டியிருந்தால் வங்கிக்கும் உடனே எழுதித் தகராறு பதிவு செய்யுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேன் இருக்கிறார். ஏஜென்ட்டே போலி என்று தெரிந்தால் யோசித்துக்கொண்டு உட்காராமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள்.

விசா இன்னொரு கண்ணி. பஹாமாஸ் போய்த் திரும்புவது அமெரிக்காவுக்குள் மறுநுழைவு. பெற்றோரின் சுற்றுலா விசா செல்லுபடியில் இருந்தால் கவலை குறைவு. எச்-1பியில் இருக்கும் மகனின் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்ப் காலாவதியாகி இருந்தால்தான் ஆபத்து. கனடா, மெக்சிகோவுக்குக் குறுகிய பயணம் போய்வருபவர்களுக்கு உள்ள தானியங்கி நீட்டிப்புச் சலுகை, கரீபியன் தீவுகளுக்கு எச்-1பிக்காரர்களுக்குக் கிடையாது. சிங்கப்பூரில் ஏறி அங்கேயே இறங்குகிற கப்பலுக்கும் பல முறை நுழையும் விசா இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். லட்சத்தீவு க்ரூஸ் என்றால் இந்தியர்களுக்கே நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும். அதை யார் வாங்கித் தருவது என்பது எழுத்தில் இருக்கட்டும்.

ஜெட் ஸ்கீ, கயாக் எடுக்குமுன் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல என்று இருக்கும். முட்டுக்காட்டிலும் கோவளத்திலும் அந்தத் தாள் நீட்டப்பட்டால், கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பின்னால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. கிழிந்த லைஃப் ஜாக்கெட்டைத் தருவது அலட்சியம். சேவைக் குறைபாடு என்பதற்குள் அலட்சியமும் அடங்கும் என்று நம் சட்டமே சொல்கிறது. வெளிநாட்டுத் தீவில் அந்தத் தாளுக்கு வலு அதிகமாக இருக்கலாம். அதனால் பயணக் காப்பீட்டில் நீர் விளையாட்டு அடக்கமா, கப்பலில் இருந்து மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும் செலவு அடக்கமா, நிறுத்தம் விட்டுப்போனால் ஏதாவது தருவார்களா என்று விலக்குப் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது; கட்டணம் இல்லை.

பணம் கட்டும் முன் ஏஜென்ட்டுக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: கப்பல் தீவில் நிற்காவிட்டால் இந்தத் தொகையை யார், எத்தனை நாளில், எந்தக் கணக்கில் திருப்பித் தருவார்கள்? பதில் எழுத்தில் வரும்வரை பணம் கட்டாதீர்கள்.