பூட்டுக்கு அடங்காத திருடன்

ஜவ்வாது மலையில் சாமை அறுவடை முடிந்ததும் பல குடும்பத்தார் வீட்டைப் பூட்டிவிட்டுக் கூலி வேலைக்கு வெளியூர் செல்கின்றனர். மறு பட்டத்துக்கான விதை உள்ளே இருக்கும். எலிக்குப் பூட்டு ஒரு தடையல்ல.

வீட்டு எலி நாளொன்றுக்குச் சுமார் 15 கிராம் தானியம் தின்னும். பத்து எலிகள் இருந்தால் 3 மாதத்தில் 13 கிலோ போய்விடும். ஏக்கருக்கு 5 கிலோ என்று கணக்கிட்டால் இது இரண்டரை ஏக்கர் விதை. சிறுநீராலும் புழுக்கையாலும் கெடுவது தனி.

புறப்படுமுன் ஒரு நண்பகலில் கதவைச் சாத்தி உள்ளே நின்று பார்க்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழகியதும் வெளிச்சம் கசியும் இடங்கள் தெரியும். பென்சில் நுழையும் சந்து சுண்டெலிக்குப் போதும். பெரும்பாலோர் கதவடியைத்தான் பார்க்கின்றனர். கூரையும் சுவரும் சேருமிடத்தை விட்டுவிடுகின்றனர். இரவில் சுவரோரம் சாம்பல் தூவினால் காலையில் தடம் காட்டிக்கொடுக்கும்.

வெறும் மண்ணால் அடைத்த வளையை எலி மீண்டும் பறித்துவிடும். கல்துண்டுகளை இறுகத் திணித்து, மேலே சிமெண்டு பூச வேண்டும். கூரையைத் தொடும் மரக்கிளைகளை ஒரு மீட்டருக்கு அப்பால் வெட்டுவது அவசியம்.

எலி விஷம் வைத்துவிட்டுப் பூட்டிச் செல்வது கூடாது. செத்த எலியின் நாற்றத்தோடுதான் வீடு வரவேற்கும்! நன்கு காய்ந்த விதையை மூடியுள்ள தகர டின்னில் வைத்துச் செல்லலாம்.