அல்லித் தொட்டியா, நீரூற்றா... உங்கள் வீட்டுக்கு எது சரி?

வாசலில் ஓர் அல்லித் தொட்டி, மாடியில் குட்டி நீரூற்று... வீட்டுத் தோட்டத்தில் தண்ணீர் இருந்தாலே தனி அழகுதான். ஆனால், வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை சில உண்டு.

வெயில்: அல்லி, தாமரை பூக்க தினமும் 5 - 6 மணி நேரமாவது வெயில் வேண்டும். நிழலான இடமென்றால் நீரூற்றே நல்லது.

கொசு: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நல்ல தண்ணீரில்தான் பெருகும். முட்டை, கொசுவாகிப் பறக்கச் சுமார் 10 நாள்களே போதும். அல்லித் தொட்டியில் நாலைந்து கப்பி மீன்களை விட்டால் புழுக்களைத் தின்றுவிடும். நீரூற்றின் மோட்டாரை நாள்கணக்கில் நிறுத்தி வைத்தால் அதுவும் கொசுத் தொட்டிதான். ஊருக்குப் போகும்போது தண்ணீரைக் கொட்டி, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

எடை: 200 லிட்டர் தண்ணீர் என்றாலே 200 கிலோ. மண்ணும் தொட்டியும் தனி. மாடியில் வைக்கும் முன் பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள்.

குழந்தை: தவழும் குழந்தைக்கு ஒரு சாண் தண்ணீரும் ஆபத்துதான். அப்படிப்பட்ட வீடுகளுக்கு, மேலே கூழாங்கற்கள் பரப்பி, தண்ணீர் கண்ணில் படாமல் அடித்தொட்டிக்கு வடிந்துவிடும் நீரூற்று ஏற்றது. அதையும் அடித்தொட்டிமேல் உறுதியான கம்பி வலை போட்டு அமையுங்கள். அல்லித் தொட்டி, குழந்தை வளரும்வரை காத்திருக்கட்டுமே!