மதிலில்லாத பழைய ஊர்

விடுமுறை கிடைத்தால் கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் பழைய ஊர் பார்க்கப் புறப்படுவது பெரும்பாலும் காலிக் கோட்டைக்குத்தான். அதில் பிழையில்லை. 1588இல் போர்த்துக்கேயர் தொடங்கி, 1649 முதல் ஒல்லாந்தர் பெருப்பித்துக் கட்டிய அரண் அது. 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் ஏறியது. கோட்டைக்குள் இருக்கும் ஒல்லாந்தர் தேவாலயம் 1755ஆம் ஆண்டுக்குரியது. அதைவிட இரண்டே வயது இளைய இன்னொரு ஒல்லாந்தர் தேவாலயம் கொழும்பு 13, கொட்டாஞ்சேனையின் மேடொன்றில் நிற்கிறது. வெள்ளவத்தையில் இருப்பவர் அதைப் பார்க்கப் பயணப்பொதி கட்ட வேண்டியதில்லை. ஆனாலும் கொட்டாஞ்சேனைக்கு நாம் போவது கலியாண வீட்டுக்கு, கோயிலுக்கு, புறக்கோட்டையில் சாமான் வாங்கப் போகும் வழியில். ஓர் ஊரைப் பார்ப்பதற்கென்று போவதில்லை. கொட்டாஞ்சேனை ஓர் அஞ்சல் இலக்கமல்ல, முழுமையான ஒரு பழைய ஊர். பார்ப்பதற்கும் காப்பதற்கும் அதை ஊராகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அந்த மேட்டுக்கே போவோம். வுல்ஃபெண்டால் தேவாலயம் 1749இல் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்கு வந்தது. சிலுவை வடிவில் அமைந்த கட்டடம், ஆள் படுக்கலாம் போன்ற தடிப்பில் சுவர்கள். ஒல்லாந்தர் மொழியில் அப்பெயருக்கு ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பொருள். இலங்கையில் ஓநாய் கிடையாது. பற்றைகளில் திரிந்த நரிகளைப் பார்த்து வைத்த பெயர் என்கிறார்கள். குவாடலூப்பே மாதாவுக்குப் போர்த்துக்கேயர் கட்டிய கோயிலின் பெயர் வாய்க்கு வாய் திரிந்து இப்படியானது என்றும் ஒரு விளக்கம் உண்டு. எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் இந்த ஊரில் ஒன்றின் மேல் இன்னொன்று ஏறி நிற்பதுதான் வழக்கம். உள்ளே தரையில் பதித்திருக்கும் கற்களைக் குனிந்து பார்க்க வேண்டும். குடும்பச் சின்னங்களும் எழுத்துகளும் ஆழமாகச் செதுக்கிய கல்லறைப் பலகைகள் அவை. கொழும்புக் கோட்டைப் பகுதியில் இருந்த பழைய தேவாலயம் பாழடைந்ததால், அங்கே அடக்கமாகியிருந்த ஒல்லாந்த ஆளுநர்களின் எச்சங்களை 1813இல் ஆங்கிலேயர் காலத்தில் இங்கே கொண்டுவந்தார்கள். அந்தத் தளத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது.

மேட்டை விட்டுக் கடற்பக்கமாக இறங்கினால் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். பொன்னம்பல முதலியார் 1857இல் எழுப்பிய கோயிலை அவருடைய மகன் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். செங்கல்லும் சுண்ணாம்பும் வர்ணப் பூச்சுமாகவே கோயில்கள் எழுந்த ஒரு துறைமுகப் பட்டினத்தில், பூச்சே இல்லாத இந்தக் கல் மண்டபம் தனியாகத் தெரியும். எண்ணெய் விளக்கின் வெளிச்சம் தூண் சிற்பங்களில் பட்டும் படாமலும் நிற்கும். வெளியே லொறிகள் இரைந்துகொண்டிருக்க, காலடியில் கல் குளிர்ந்து கிடக்கும். சிற்பக் கலையில் ஈடுபாடுள்ளவர்கள் தஞ்சாவூர் போகும்முன் அரைநாள் இங்கே செலவழிக்கலாம்.

மதில் இல்லை, வாசல் இல்லை, எல்லை தெரியவில்லை, இதை எப்படி ஊர் என்பது என்று கேட்கலாம். ஊரைச் சேர்த்துக் கட்டுவது மதில் மட்டுமல்ல, நடமாட்டமும்தான். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுதிரி ஏற்றக் கூடுவோரில் சைவர்களும் பௌத்தர்களும் உண்டு. செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து ஆடிவேல் புறப்பட்டுப் பம்பலப்பிட்டி வரை போகிறது. விவேகானந்தர் 1897 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கினார். 1902இல் அவர் பெயரால் அமைந்த சபை இன்றும் இங்கேதான் இயங்குகிறது. புனித லூசியாள் பேராலயத்தின் கவிமாடத்துக்கு நடை தூரத்தில் தீபதுத்தாராம விகாரை. மிகெட்டுவத்தே குணானந்த தேரர் 1885 ஏப்ரல் 28இல் பௌத்தக் கொடியை ஏற்றியது அந்த விகாரையில்.

இதை நல்லிணக்கத்தின் படமாக மட்டும் வரைவது நேர்மையாகாது. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. தீபதுத்தாராம விகாரைக்குப் போன பௌத்தர்களின் ஊர்வலம் கத்தோலிக்கரோடு மோதிக் கலவரமானது இந்தத் தெருக்களில். 2019 ஏப்ரல் 21, அதுவும் உயிர்த்த ஞாயிறு. அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. இரண்டு மாதம் முடியுமுன், ஜூன் 12இல், திருநாளுக்கு முந்தைய தினம், அந்தக் கோயில் திரும்பத் திறந்தது. இந்த இரண்டு உயிர்த்த ஞாயிறுகளுக்கும் இடையில் 1983 ஜூலைக் கலவரம் வந்து இங்கிருந்த தமிழ்க் குடும்பங்களையும் கலைத்தது. ஊருக்கு நினைவு உண்டென்றால் காயமும் அந்த நினைவில் இருக்கும். வருகிறவர்களுக்கு அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நெரிசல், குப்பை, தங்குமிடமில்லை என்ற முறைப்பாடுகள் உண்மையானவை. மாநகர சபை தீர்க்கக்கூடியவை என்பதால் அவற்றில் அதிகம் நிற்கத் தேவையில்லை. கனமான ஆட்சேபம் வேறு: உல்லாசப் பயணிகள் வந்தால் காணி விலை ஏறும், குடியிருப்பவர்கள் வெளியேற வேண்டிவரும். காலிக் கோட்டைக்குள் பல வீடுகள் கைமாறி விடுதிகளாகிப் போயின. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் யாரும் பார்க்க வராத நிலையிலும் கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகள் தப்பவில்லை. திண்ணையும் மரத்தூணும் ஓட்டுக்கூரையுமாக இருந்தவை இடிபட்டுத் தொடர்மாடிகளாகின்றன. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டதையே புராதனச் சின்னம் என்கிறது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள் அது. அந்தக் கோட்டுக்குள் வுல்ஃபெண்டால் அடங்கும். இராமநாதனின் கருங்கற்கோயில் அடங்காது, லூசியாள் பேராலயம் அடங்காது, ஜம்பட்டா வீதியின் பழைய வீடு எதுவும் சுலபத்தில் அடங்காது. பிற்பட்டவற்றை ஒவ்வொன்றாக அறிவித்துக் காக்கலாம்தான். ஆனால் ஒவ்வொன்றாக அறிவித்தால் கட்டடம் மிஞ்சும், தெரு மிஞ்சாது.

ஆகவே காப்பின் அலகு தெருவாக இருக்க வேண்டும்: வீட்டு முகப்பின் உயரம், திண்ணை, வாடகைக்கு இருப்பவரின் உரிமை எல்லாம் ஒரே ஏற்பாட்டுக்குள் வர வேண்டும். சட்டம் வரும்வரை காத்திராமல் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. வுல்ஃபெண்டால் மேட்டிலிருந்து கொச்சிக்கடை வரை ஒவ்வொரு திருப்பத்திலும் கட்டியவர் பெயரும் ஆண்டும் மூன்று மொழியிலும் எழுதிய சிறு பலகை ஒன்று. அந்த வழியே முதலில் நடக்க வேண்டியவர்கள் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பாடசாலைப் பிள்ளைகள்.